கல் வைத்த பை

நாளை முதல் கடைகளை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு பரவிய காலையில், மளிகைக் கடை வாசலில் ஆட்களுக்குப் பதிலாகப் பைகள் வரிசையில் நின்றன. ஆட்கள் எதிர்ப்பக்க நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். வரிசை நகரும்போது வந்து, அவரவர் பையைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். தவமணியின் கட்டைப்பைக்கு முன்னால் ஒரு மஞ்சள் பை இருந்தது. பறக்காமலிருக்க உள்ளே ஒரு கல். அதைத் தள்ள மட்டும் யாரும் வரவில்லை. காலையிலிருந்து தவமணிதான் அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் பை கடைப்படியைத் தொட்டபோது கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அரிசி இன்னும் ஒருத்தருக்குத்தான் இருக்கு. இது யாரு பை?"

நிழலிலிருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னுதுதாங்க" என்றாள்.

உள்ளேயிருந்த கல்லை எடுத்துத் தன் கட்டைப்பைக்குள் போட்டாள். அரிசி நிறைந்த மஞ்சள் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, அப்போதுதான் வந்து சேர்ந்த ஒருத்தி கேட்டாள்.

"சாயங்காலம் லாரி வருமாமே அக்கா. முன்னால இருக்கிற இந்தக் கட்டைப்பை யாரோடது?"

"தெரியலையே. ஆளு வருவாங்க."

வந்தவள் தலையாட்டிவிட்டு, கட்டைப்பையைக் காலால் மெல்லப் படிப்பக்கம் தள்ளினாள்.