சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி

“சிவப்பா, நீலமா? எது உசத்தி? யோசிச்சுச் சொல்லுங்க தம்பி.”

மேசையில் இரண்டு பெட்டிகள். இரண்டுமே சூப்பர் ஹீரோ சீட்டு விளையாட்டு. கேட்டவர் பெண்ணின் அப்பா. ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைப்பவர். ஊரில் பாதிப் பேரை ஈவு இரக்கமில்லாமல் ஃபெயில் ஆக்கிய புண்ணியவான்.

எதிரே பல் டாக்டர். காதலியின் வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருக்கிறான். வாசலிலேயே அவள் அவன் காதைக் கடித்திருந்தாள்.

“அப்பாவுக்குத் தோத்தாப் பிடிக்காது. நீ ஜெயிச்சே, நம்ம கல்யாணம் அவ்வளவுதான். ஒழுங்காத் தோத்துடு.”

அவள் இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

“நீலம்தான் நல்லது அங்கிள். எல்லாரும் ஒரே அணி, வில்லனை மட்டும் அடிச்சாப் போதும். சிவப்புல நமக்குள்ளேயே அடிச்சுக்கணும்.”

“அதான் நீலத்துல குறையே. ஜெயிச்சாலும் சேர்ந்து, தோத்தாலும் சேர்ந்து. யார் சொதப்புனாங்கன்னே தெரியாது. இன்னிக்கு ஒருத்தர் பளிச்சுன்னு தோத்தாகணும்!”

சொல்லிக்கொண்டே சிவப்புப் பெட்டியைத் திறந்தார்.

ஆட்டம் எளிமையானது. ஒன்றுக்கும் உதவாத சீட்டுகளோடு தொடங்கி, நடுவில் விரித்திருக்கும் ஹீரோக்களையோ அவர்களின் எடுபிடிகளையோ விலைக்கு வாங்கித் தன் சீட்டுக்கட்டைப் பலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். ஹீரோக்களோ எடுபிடிகளோ தீர்ந்ததும் யார் கட்டுக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு வெற்றி.

முதலில் மலையைத் தூக்கும் ஹீரோ வந்தான். டாக்டர் அவனை விட்டுவிட்டு, புள்ளி குறைந்த ஓர் எடுபிடியை வாங்கினான்.

“அட, மலைதூக்கியை விட்டுட்டீங்களே!”

“பார்த்தா அவ்வளவு கெட்டிக்காரனாத் தெரியலை அங்கிள்.”

“அப்ப எனக்கும் வேண்டாம்” என்று அவரும் ஓர் எடுபிடியையே எடுத்துக்கொண்டார்.

மனுஷன் விட்டுக்கொடுப்பதுபோல் ஆழம் பார்க்கிறார் என்று டாக்டர் உஷாரானான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதைவிட ஜாக்கிரதையாக அடுத்த எடுபிடியை எடுத்தான்.

இடியை எறிபவன், கண்ணால் எரிப்பவள், காற்றாய்ப் பறப்பவள் என உலகத்தையே காப்பாற்றக்கூடிய ஜாம்பவான்கள் எல்லாரும் கேட்பாரற்று நடுவில் கிடந்தார்கள். எடுபிடிகளுக்குத்தான் அடிதடி.

எடுபிடிகள் தீர்ந்ததும் ஆட்டம் முடிந்தது. எண்ணிப் பார்த்தார்கள். டாக்டருக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதல். ஜெயித்துத் தொலைத்துவிட்டான்.

“அங்கிள்... மன்னிச்சிடுங்க... தெரியாம நடந்துபோச்சு...”

அவர் துள்ளி எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“அம்மாடி! நீ சொன்னபடியே தோத்துட்டேன்! இனிமே இவர் கோவிச்சுக்கிட்டுக் கல்யாணம் வேண்டாம்னு போயிட மாட்டாரில்ல?”

டாக்டர் வாயைப் பிளந்தான். “அங்கிள், என்னையும் தோக்கச் சொல்லித்தானே அனுப்புனா!”

சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே வந்த அவள், நீலப் பெட்டியை இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தாள்.

“சரி, இப்போ இதை ஆடலாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே அணி. வில்லன் யாருன்னு நான் வேற சொல்லணுமா?”