டோபிக்குத் தெரிந்த தமிழ்

"டோபி வர மாட்டேங்கிறான்" என்று கிரகாம் துரை இங்கிலாந்திலிருந்து போனில் அலறியபோது, அம்மையப்பன் துபாயில், ஜுமேரா வில்லாவில் துரையின் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் புல்லுக்காகத்தான் மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

வெயில் காலத்தில் நீ போனால் புல் செத்துவிடுமே, கல்யாணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாதா என்று துரை அக்கறையாகத்தான் கேட்டார். முகூர்த்தத்தைத் தள்ளலாம், மாப்பிள்ளை வீட்டாரை எங்கே தள்ளுவது? வைகாசியில் அங்கே தாலி ஏறியது. இங்கே அப்பன்காரர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மையப்பனின் பாஸ்போர்ட்டும் டோபியின் பாஸ்போர்ட்டும் துரையின் ஒரே டிராயரில்தான் கிடந்தன. ஆகஸ்டில் வெளியே வந்தது நாயுடையது.

வருஷா வருஷம் துரைக்குக் கோடை என்றால் இதுதான். டோபியைக் காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தில் கிராமம் கிராமமாகச் சுற்றுவார். கல் பாலம், வாத்துக் குளம், கூரை வீடு, எதைக் கண்டாலும் அதன் முன்னால் நாயை உட்கார வைத்து ஒரு போட்டோ. கூரை வீட்டைப் பார்க்கவா ஒரு மனுஷன் விமானம் ஏறிப் போவான் என்று, கூரை வீட்டில் பிறந்த அம்மையப்பனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்றைக்கு டோபி கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓர் ஆட்டு மந்தைக்குள் புகுந்துவிட்டானாம். துரையின் இங்கிலீஷ் அவனிடம் செல்லுபடியாகவில்லை.

சாயங்காலம் வாசல் கேட்டுப் பக்கம் உட்கார்ந்து நீ ஏதோ சொல்வாயே, எங்கே இருந்தாலும் ஓடி வருவானே, அது என்ன என்று துரை கேட்டார்.

அம்மையப்பன் ஹோஸைக் கீழே போட்டார்.

துரைக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ஊர் நடுவில் நின்று கத்துவார். 'நான் ஒரு மடப்பய' போதுமா? காணாது. துரையின் அப்பனையும் பாட்டனையும் சேர்த்துக்கொள்ளலாம். வைகாசியிலிருந்து ஊறப் போட்டு வைத்திருந்த வசவுகள் நாக்கு நுனியில் நான் முந்தி, நீ முந்தி என்று முட்டிக்கொண்டு நின்றன.

ஆட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்துவிட்டார் என்றார் துரை. குரல் உடைந்திருந்தது.

வசவுகளெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. டோபி வசவுக்கு வர மாட்டான். அவன் வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

"மன்னிச்சிரு தாயி. சொல்லுங்க சார், மன்னிச்சிரு தாயி."

"மன்னி... சிரு... தாயீ."

சத்தமாக, என்றார் அம்மையப்பன். அதோடு விட மனசு வரவில்லை. முட்டி போட்டுச் சொன்னால்தான் வருவான் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அது அவருடைய சொந்தச் சரக்கு.

போனில் காற்று இரைந்தது. ஆடுகள் கத்தின. ஆடுகளுக்கு மேலே துரை கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் போனுக்குப் பக்கத்திலேயே மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. டோபிதான். அம்மையப்பனுக்கு அந்த மூச்சு தெரியாதா? கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் சார், என்றார்.

துரை சொன்னார்.

சமையலறை ஜன்னலில் தேவகனியின் தலை தெரிந்தது. தூத்துக்குடிக்காரி, அந்த வீட்டுச் சமையல் அவளுடையது. போனில் போனதெல்லாம் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"யண்ணே, தொரையவே முட்டி போட வச்சி மன்னிப்பு கேக்க வச்சிட்டியளே! இதுக்குன்னே நாயப் பழக்கி வச்சிருந்தியளோ?"

அம்மையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார். பழி வாங்கினோம் என்றால் ஒரு திட்டமாவது இருந்தால்தானே மரியாதை.

திட்டமெல்லாம் ஒன்றுமில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து, டூட்டி விட்டதும் கேட்டுப் பக்கம் உட்கார்ந்து மகள் வீட்டுக்குப் போன் போடுவார். மருமகன் எடுத்து, அவள் காதில் வைப்பார். அம்மையப்பன் அந்த ஒரே வார்த்தையைச் சொல்வார். எதிர்முனையில் சத்தமே இருக்காது. கொஞ்சம் பார்த்துவிட்டு போனை அணைப்பார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து டோபிக்குப் போடுவார்.

அந்த வார்த்தைக்கு இதுவரை வந்தது டோபி மட்டும்தான்.