இன்னும் எத்தனை வருஷம்?

“ரெண்டு வருஷம்னே போட்டுடுங்கம்மா. ஒப்பந்தத்துல அவ்வளவுதானே பாக்கி இருக்கு?”

“ஒப்பந்தத்துல எவ்வளவு பாக்கின்னு இப்ப யாரு சார் கேட்டாங்க? நாம அங்க எத்தனை வருஷம் இருக்கப் போறோம்ங்கிறதுதான் கேள்வி.”

நிதி இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த தலைமைக் கணக்காளர் பேனாவைத் திறக்கவே இல்லை. இருவருக்கும் நடுவில் கம்பெனியின் ஆண்டுக் கணக்கு, அவளுடைய ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. பக்கத்து அறையில் ஆடிட்டரும் காத்துக் கிடந்தார். அவருக்கு மூன்றாவது காபி போயிருந்தது.

எல்லாம் இந்த வருஷம் நடைமுறைக்கு வந்த புதுக் கணக்கு விதி செய்த வேலை. அதுவரை வாடகைக் கட்டடங்களுக்குக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இடமே கிடையாது. மாதா மாதம் வாடகையைச் செலவில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஊர் எல்லையில் புகைபோக்கியும் சங்கொலியுமாக அத்தனை பெரிய ஆலை நின்றாலும், கணக்கைப் படிக்கிறவர் கண்ணுக்கு அங்கே வெறும் வானம்தான்.

இனி அப்படி முடியாது. எத்தனை வருஷம் அங்கே இருப்பது உறுதியோ, அத்தனை வருஷ வாடகையையும் இன்றைக்கே கடனாகக் காட்ட வேண்டும். ஆலைக் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் மிச்சம் இரண்டு வருஷம். கம்பெனி விரும்பினால் இன்னும் எட்டு வருஷம் நீட்டிக்கலாம்.

“பத்துன்னு போட்டா கடன் மலை மாதிரி நிக்கும். ஷேர் வச்சிருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? பேங்க்காரன் சும்மா இருப்பானா?”

“நிக்கட்டும் சார். இருக்கிற மலைதானே தெரியப் போகுது? நாமளா புதுசா கொண்டுவந்து வைக்கிறோம்?”

“நீங்க கம்பெனிக்கு வேலை பாக்கிறீங்களா, அந்த விதிப் புத்தகத்துக்கு வேலை பாக்கிறீங்களா?”

“சம்பளம் கம்பெனிதான் தருது. ஆனா தப்பா எழுதினா உள்ள போறது நானு. அங்க வந்து கம்பெனி சோறு போடுமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“சரி, பத்து வருஷம் இருப்போம்னு உங்களுக்கு என்ன அவ்வளவு நிச்சயம்?”

அவள் இந்தக் கேள்விக்காகவே ஒரு வாரமாகத் தயாராக இருந்தாள்.

“போன வருஷம்தான் தரை முழுக்கப் புதுசா கான்கிரீட் போட்டோம். மெஷின் எல்லாத்தையும் அதுல போல்ட் போட்டு இறுக்கியிருக்கோம். பெயர்த்து எடுத்தா பாதி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். இன்னொரு இடம் பாத்திருக்கோமா? இல்ல. ஆலை மேலாளரே, பத்து வருஷத்துக்கு அசைய மாட்டோம்னு மெயில் அனுப்பியிருக்கார்.”

“அவர்கிட்டயா கேட்டீங்க? அதுவும் மெயில்லயா?”

“எழுத்துல இருந்தாதானே சார் ஆதாரம்? வாய்ப்பேச்சைக் கொண்டுபோய்க் காட்டினா அந்த ரூம்ல இருக்கிறவர் ஒத்துக்குவாரா?”

“அவர் அப்படித்தான் எழுதுவார். அந்த மனுஷனுக்கு ஆலையை விட்டா உலகம் கிடையாது.”

“அதனாலதானே சார் ஆலைக்குப் பின்னாடி தெருவுலயே வீடு கட்டுறார்? கூரை போட்டாச்சு சார். ஊரை விட்டுக் கிளம்பப் போற ஆள் அங்க போய் வீடு கட்டுவாரா?”

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அவரைப் பற்றி அவள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கடனைச் சுருக்கிக் காட்ட ஆசைப்படும் ஆள்; இத்தனை வருஷம் இவரையா பெரிய மனிதர் என்று நினைத்திருந்தோம்!

“ரெண்டுன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். ஒரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டா அப்புறம் எனக்கு இந்தத் தொழிலே கிடையாது. வேணும்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

“பழைய விதியா இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. நானும் வாயைத் திறக்க வேண்டி இருந்திருக்காது.” சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “கடனை மறைக்கச் சொல்லலம்மா. ரெண்டுதான் நிஜம். அதுக்கு அப்புறம் ஆலை இல்ல. மூடிடறதுன்னு போர்டு முடிவு பண்ணியாச்சு.”

வெளியே நடைபாதையில் யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

“தீர்மானத்தைக் காட்டுங்க சார்.”

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் நிதானமாகப் படித்தாள். முதல் வரிக்குப் போய் மறுபடியும் படித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, பத்து என்று முன்பே போட்டிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். இரண்டு என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எழுத்து எப்போதும்போல் நேராகவே விழுந்தது.

“மன்னிச்சிடுங்க சார். நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.”

“பரவாயில்ல. அடுத்த மாசம் முறைப்படி அறிவிப்போம். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. விஷயம் கசிஞ்சா ஷேர் விலை ஆடும், சட்டம் நம்ம ரெண்டு பேரையும் சும்மா விடாது.”

“தெரியும் சார்.”

அவள் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

“ஒரு நிமிஷம்மா.” அவர் குரல் தணிந்திருந்தது. “இன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் ஆலையிலேர்ந்து வந்ததும், ‘என் மெயிலைக் காட்டினியா, பத்துன்னு ஒத்துக்கிட்டாங்களா’ன்னுதான் முதல்ல கேப்பார்... அவர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லாம இருங்கம்மா, தயவு செஞ்சு.”