ஓசிச் சிப்பாய்

"ராணிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம். கறுப்பும் அதையே செய்யுது. அடுத்து என்ன மாஸ்டர்?" என்று கேட்டாள் அவள்.

செஸ் மாஸ்டர் கண்ணை மூடியபடியே சொன்னார். "வெள்ளை, அதுக்குப் பக்கத்துல இருக்கிற சிப்பாயையும் நீட்டும். வெட்டிக்கோன்னு ஓசியில குடுக்கும்."

"ஓசியில ஏன் குடுக்கணும்?"

"கறுப்புச் சிப்பாயை நடுவுல இருந்து கிளப்பத்தான். நடு கைக்கு வந்துட்டா ஆட்டம் வெள்ளை பக்கம்."

இந்த ஆரம்பத்தை ஒரு வாரமாக அவரிடமே உட்கார்ந்து படித்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை பிசகினாலும் அவளுக்கு உடனே தெரிய வேண்டும். தெரியாமல் போனால்?

"அப்போ கறுப்பு வெட்டவே கூடாதா?"

"வெட்டலாம். வெட்டினதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு... அந்த... குடையை..."

"எதை மாஸ்டர்?"

"குடை... குடை..."

சிப்பாய்க்குக் குடை எங்கிருந்து வந்தது? அவள் கை சட்டென்று உயர்ந்தது.

"நிறுத்துங்க சார். அங்க தொட்டதும் பேச்சு குழறுது."

பச்சைத் திரைக்குப் பின்னால், திறந்திருந்த மாஸ்டரின் மண்டைக்குள்ளிருந்து சர்ஜன் கருவியை விலக்கிக்கொண்டார். பேச்சு கெடாமல் இருக்கத்தான் மாஸ்டரை விழிக்க வைத்துப் பேசவிட்டபடி கட்டியை எடுத்தார்கள்; அந்தப் பேச்சைக் கவனிப்பது அவள் வேலை.

"கட்டி துளிதான் பாக்கி. விட மனசில்லை. எடுத்துடவா?"

அவள் மாஸ்டரின் உதட்டையே பார்த்தாள். அது மெல்ல அசைந்தது.

"பேராசைப்பட்டா நடு போயிடும்மா," என்றார் மாஸ்டர். "விட்டுடணும்."

திரைக்குப் பின்னால் கருவியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, மூடிடலாம்," என்றார் சர்ஜன்.