பிரிஞ்சவங்க மாதிரி தெரியலையே

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. இப்படித் திரும்புங்க."

தையல்காரம்மா சொன்னதும் பெயின்டர் சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரும்பினாரு. பட்டனைக் கழட்டி சரியான ஓட்டையில மாட்டி, காலரையும் ஒரு தட்டு தட்டிவிட்டாங்க. அப்புறம்தான் எதிர்ல அதிகாரியம்மா உக்காந்திருக்கிறது ஞாபகம் வந்து, வெடுக்குன்னு கையை எடுத்துக்கிட்டாங்க.

அதிகாரியம்மாவுக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. காலேஜ் உதவித்தொகைப் பிரிவுல அவங்க பார்க்காத நாடகமா? தாய் தனியா வளர்க்கிற பிள்ளைன்னா அரசாங்கமே முழுப் பீஸையும் கட்டிடும். அப்பா அம்மா சேர்ந்திருந்தா வெறும் கடன்தான், அதுவும் வட்டியோட. அதனால விண்ணப்பம் போடுற நேரத்துல மட்டும் ஊர்ல பாதி ஜோடி திடீர்னு பிரிஞ்சிடும்.

"ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கிறதா எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க மேடம்," தையல்காரம்மா சொன்னாங்க.

"சார், உங்களை நேர்ல வரச் சொன்னதே இதுக்குத்தான், நீங்க சொல்லுங்க. பொண்ணு படிப்புக்கு ஏதாவது தர்றீங்களா?"

பெயின்டர் நகத்துல காஞ்சிருந்த பெயின்டைச் சுரண்டினாரு. "ஒண்ணும் தர்றதில்லீங்க." சத்தமே வெளிய வரல. கூடவே இருமல் வந்துச்சு. தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்ல, தண்ணி பாட்டில் மூடியைத் திறந்து நீட்டினாங்க. அவரும் பார்க்காமலே வாங்கிக் குடிச்சாரு.

'இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?'னு நினைச்சுக்கிட்டாங்க அதிகாரியம்மா.

"பொண்ணு என்ன படிக்கப் போறா?"

அவர் தையல்காரம்மா மூஞ்சியைப் பார்த்தாரு.

"நர்ஸிங்," அந்தம்மா எடுத்துக் கொடுத்தாங்க.

"நர்ஸிங்," அவரும் சொன்னாரு.

தெரியாத மாதிரி என்னா நடிப்பு. வீட்டுல நல்லா ஒத்திகை பார்த்துட்டுத்தான் வந்திருக்காங்க.

"காலை ஆட்டாதீங்க, மேடம் டேபிளே ஆடுது," தையல்காரம்மா பல்லைக் கடிச்சாங்க. "இன்னும் இந்தப் பழக்கம் போகல பாருங்க."

"நீ மட்டும் என்னவாம்? ஆரம்பிச்சா இன்னும் நிறுத்தத் தெரியல."

"நான் பேசாம வேற யாரு பேசுறது? நீங்கதான் வாய்க்குப் பூட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களே."

"போதும்." அதிகாரியம்மா பேனாவை மூடினாங்க. "இவ்வளவு பொருத்தமா சண்டை போடுறவங்க பிரிஞ்சிருக்காங்கன்னு நான் நம்பணுமா? விசாரணைக்கு அனுப்புறேன்."

தையல்காரம்மா மூஞ்சி செத்துப்போச்சு. "மேடம், விசாரணைன்னா மாசக்கணக்கா இழுக்கும்னு சொல்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலன்னா சீட்டு போயிடும். ராத்திரி பகலா படிச்சு வாங்கின சீட்டு."

"அப்ப கடனுக்குப் போடுங்க."

"ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணுமாமே மேடம். எனக்குன்னு யாரு இருக்கா?"

அதிகாரியம்மா கண்ணால பெயின்டரைக் காட்டினாங்க. "இதோ, பக்கத்துலயே இருக்காரே."

பெயின்டர் எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டாரு. தையல்காரம்மா அவர் கைக்குக் கீழ குனிஞ்சு, எத்தனையோ தடவை போன வழி மாதிரி வெளிய போனாங்க.

ஃபைலை விசாரணைக் கட்டுல போட்டாங்க அதிகாரியம்மா. மனசுல கொஞ்சம் கஷ்டம்தான். இருந்தாலும், பொய் சொல்றவங்களுக்குக் குடுத்துட்டா நிஜமா தனியா கஷ்டப்படுறவளுக்கு என்ன மிஞ்சும்? வெறும் பாட்டிலை எடுத்துக்கிட்டுத் தண்ணி பிடிக்க வராண்டாவுக்கு வந்தாங்க.

குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சுல அவங்க ரெண்டு பேரும் இவங்களுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாங்க. பெயின்டர் கையில தையல்காரம்மாவோட போன். ஸ்கூல் கடைசி நாள்ல எடுத்த போட்டோ. ஒரே மாதிரி சீருடையில வரிசை வரிசையா பொண்ணுங்க. அவர் போனைத் தள்ளிப் பிடிச்சு, ஒவ்வொரு மூஞ்சியா விரலை நகர்த்திக்கிட்டே கடைசி வரிசை வரைக்கும் போனாரு. மறுபடியும் முதல் வரிசைக்கு வந்தாரு.

அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாரு: "இதுல... நம்ம பாப்பா யாரு?"

பாட்டிலைக் குழாயடியிலேயே விட்டுட்டு, அந்த ஃபைலைக் கட்டுல இருந்து உருவ அதிகாரியம்மா உள்ள ஓடினாங்க.