பிலோமினா அக்காவின் நாற்காலி

எங்கள் பேட்டை நூற்றாண்டுப் பூங்காவில் இப்போது உட்காரக் கூடாது. நாலு சுற்று நடக்காதவர்களின் முகத்தைக் கம்பத்துக் கேமரா குறித்துக்கொள்ளும்; மறுநாள் அவர்களுக்குக் கேட் திறக்காது.

பிலோமினா அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. நேற்று பிளாஸ்டிக் நாற்காலியோடு போய், தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, மருமகள் கதையை ஆரம்பித்தார். நான் நடப்பதுபோல அங்கேயே சுற்றினேன்.

கேமராக் கம்பத்தின் ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது. "எழுந்து நடக்கவும். இல்லையேல் நாளை அனுமதி இல்லை."

"நான் இப்படித்தான் உக்காருவேன். வேணும்னா நீ நட!" என்றார் அக்கா.

இன்று அவருக்குக் கேட் திறக்கவில்லை. வெளியே நடைபாதையிலேயே நாற்காலியைப் போட்டுவிட்டார். எனக்குத் திறந்தது. ஆனால் மருமகள் கதை பாதியில் நிற்கிறதே! வீட்டுக்கு ஓடி என் நாற்காலியைத் தூக்கி வந்தேன். அதற்குள் அங்கே ஏழு நாற்காலிகள்.

உள்ளே கம்பம், தூங்குமூஞ்சி மரத்திடம், "எழுந்து நடக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.