நன்றாகக் குலுக்கவும்

"மதர் இல்லாததே போதும்ணே."

அவள் கையில் பாதி பிழிந்த நைட்டி. பின்கட்டுக் கதவருகே அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே மருமகள் மணிமொழி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டில் மதர் என்றால் அவள்தான். ஒட்டுக்கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. காது இருக்கிறது, அதில் விழுகிறது. அவ்வளவுதான்.

"இல்லண்ணே, மதரோட இருந்து பட்டது போதும். அடியில போய் மசமசன்னு உக்காந்துக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

நைட்டியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

அவள் தரையில்தான் உட்காருவாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது. அதை இப்படியா ஊராரிடம் சொல்வது?

அதுவும் 'உக்காந்துக்குது'.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவள் அவள். பெற்ற பிள்ளைக்குக் கட்டிவைத்த பெண், மாமியாரை அஃறிணையில் சேர்த்துவிட்டாள்.

"மதர் இருந்தா ரேட்டு ஜாஸ்தி வேற."

ஓ, வீட்டுத் தரகர்.

இந்த வீட்டை அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். மகன் கதிரேசன் அலைந்து அலைந்து வீடு பார்க்கிறான். மதர் இருந்தால் இரண்டு படுக்கையறை வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"வயிறு எரியுதுண்ணே. பல்லு டாக்டர்கிட்ட போனா, எனாமலே போச்சு, எல்லாம் இதாலதான்னு திட்டுறாரு."

பல் போனதற்குக்கூடவா மாமியார் காரணம்?

"தெரியும்ணே. மதர் இருந்தாத்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒத்துக்கலியே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. 'எல்லாரும்' என்ற இடத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நைட்டியைப் பிழியாமலே கொடியில் போட்டாள்.

அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். நான்கு புடவை. பிரஷர் மாத்திரை. மூக்குக்கண்ணாடி. தங்கை மங்கையர்க்கரசி கரூரில் இருக்கிறாள். ஒரு வாரம் தாங்குவாள். அதற்கு மேல் அவளும் தாங்க மாட்டாள், இவளும் தாங்க மாட்டாள்.

மகனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அமைத்துப் பார்த்தாள். 'கதிரு, நான் கொஞ்ச நாள் உன் சித்தி வீட்ல இருந்துட்டு வரேன்.'

எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. பிழை ஒன்றும் இல்லை.

அவன் 'ஏம்மா?' என்று கேட்காமல் 'சரிம்மா' என்று சொல்லிவிட்டால்?

அதை நினைத்ததும்தான் பயம் வந்தது. பையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அழைப்புமணி அடித்தது.

பையோடு போய்க் கதவைத் திறந்தாள். தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஒரு புட்டியை நீட்டினார்.

"மதர் இல்லாதது தீந்துபோச்சும்மா. இதுதான் இருக்கு, மருமக கிட்ட சொல்லிடுங்க."

ஆப்பிள் சிடர் வினிகர்.

மணிமொழி தினமும் காலையில் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடிக்கிற புளிப்புத் தண்ணீர். தன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை கொக்கி மாட்டவில்லை என்று, உடம்பு இளைக்க ஆரம்பித்தது. முதல் ஒரு மாதம் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. பல் கூசி, டாக்டரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் வந்தன.

புட்டியில் பெரிய ஆங்கில எழுத்தில் 'வித் மதர்' என்று போட்டிருந்தது.

அடியில் கலங்கலாக, நூல்நூலாக ஏதோ படிந்திருந்தது. கீழே பொடி எழுத்தில் தமிழ்.

'மதர் எனப்படுவது புளிக்கும்போது தானே உண்டாவது. அடியில் தங்குவது இயல்பு. நன்றாகக் குலுக்கவும்.'

இரண்டு முறை படித்தாள்.

தங்குவது. அஃறிணைதான். மருமகள் இலக்கணத்தில் தப்பே இல்லை.

சிரிப்பு வந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் விழுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, மதரோடவே குடுத்துட்டாரா?" என்றாள் மணிமொழி. பிறகு பையைப் பார்த்தாள். "பை எதுக்கு அத்தை?"

"பழைய பொடவ. யாருக்காவது குடுக்கலாம்னு."

மணிமொழி பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதா பழசு? போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது!"

மாமியார் பார்வையைப் புட்டிக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இதையெல்லாம் உள்ள வைங்க. சாயந்தரம் வீடு பாக்கப் போறோம், உங்க ரூம்ல காத்து வருதான்னு நீங்களே வந்து பாத்துக்குங்க. அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லக்கூடாது."

உங்க ரூம்.

அவள் தலையை ஆட்டினாள்.

"இந்த மதர என்ன பண்றது? வடிகட்டிட வேண்டியதுதான்." மணிமொழி டீ வடிகட்டியைத் தேடிச் சமையலறைக்குள் போனாள்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

புட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். வளையல் சத்தம் கேட்காதபடி முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள்.

குலுக்கினாள். மூச்சு வாங்கும் வரை குலுக்கினாள்.

மணிமொழி வடிகட்டியோடு வந்து புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னத்தை, அடியில ஒண்ணையும் காணோம்?"

கால் வீங்கினால் வீங்கட்டும் என்று அவள் கூடத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.